அப்பாவோடு கடலுக்குப் போன மூன்று நாள்

1

நெய்வேலியில் பிறந்து வளர்ந்த எனக்கு, பக்கத்திலேயே இருக்கும் கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை ஒரு ஸ்காட்லாந்துக் கிழவிதான் கண்டுபிடித்தார்.

நான் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஒரு சின்னத் துறைமுகக் கிராமத்து முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. காலை ஏழு மணி ஷிப்ட் என்றால் ஏழாம் எண் அறையில்தான் என் நாள் ஆரம்பிக்கும். அங்கே இருப்பவர் மோரக். எண்பத்தெட்டு வயது. மீனைப் புகைபோடும் கொட்டகையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். ஒருநாள் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டியபோது கேட்டார்.

“உங்கள் ஊரில் கடல் உண்டா?”

“உண்டு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.”

“அங்கே லீவுக்குப் போனால் என்ன செய்யலாம்? எங்கே சாப்பிடலாம்?”

கிண்ணத்தை நீட்டியபடியே நின்றேன்.

கோடையில் எங்கள் கிராமத்துக்கு வருகிற விருந்தாளிகள் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டால் நான் மடமடவென்று ஒப்பிப்பேன். பாறை ஓரமாக ஒற்றையடிப் பாதை இருக்கிறது, நடந்து போனால் கடல் நாய்கள் வெயில் காய்வதைப் பார்க்கலாம். துறைமுகத்து மூலைக் கடையில், புகைபோட்ட மீனையும் உருளைக்கிழங்கையும் பாலில் வேகவைத்த சூப் கிடைக்கும், பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அடுத்தவர் கடல் எனக்கு மனப்பாடம். என் கடலைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியும். டவுன்ஷிப்பில் நாங்கள் எல்லோரும் சுரங்கத்தைப் பார்த்தே வளர்ந்தோம். அப்பா எந்த ஷிப்டில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் வீட்டில் ரேடியோவின் சத்தம் கூடும், குறையும். லீவு கிடைத்தால் பண்ருட்டி, வடலூர், கம்மாபுரம் பக்கத்து உறவுக்காரக் கல்யாணம். கடலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருமுறை கூட்டிப்போனார்கள். அன்று மழை. பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

2

அதே வாரம் என் மகள் இனியா பள்ளியிலிருந்து ஒரு வீட்டுப்பாடத்தோடு வந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கடற்கரைக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, விடுமுறைக்கு வருபவர்கள் அங்கே என்ன செய்யலாம், எங்கே சாப்பிடலாம் என்று மடிப்புத்தாள் ஒன்று தயாரிக்க வேண்டும். கோடை விடுமுறை முழுக்க நேரம் உண்டு. அவளுடைய தோழிகள் ஸ்பெயின், போர்ச்சுகல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“நான் அம்மாவின் ஊர் என்று எழுதிவிட்டேன்” என்றாள், ஆங்கிலத்தில்.

அவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள். அதுவும் இந்த ஊர் ஆங்கிலம். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி, “மெசேஜஸ் வாங்கப் போகிறேன், உனக்கு ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டாள். யாரிடமிருந்தும் எனக்குச் செய்தி வராது என்று பணிவாகச் சொன்னேன். இங்கே அப்படிச் சொன்னால் மளிகைச் சாமான் என்று அர்த்தமாம். அவள் இரக்கப்பட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஆங்கிலத்தில் என் மகள் கனவே காண்கிறாள். ‘ஆமாம்’ என்பதற்கு இவர்கள் ‘ஐ’ என்பார்கள். இனியாவும் அப்படித்தான்.

நாங்கள் எப்படியும் அந்தக் கோடையில் ஊருக்குப் போவதாக இருந்தது. அம்மா இறந்து ஒரு வருஷம் முடிகிறது, படையல் போட வேண்டும். படையலைவிட எனக்கு அப்பாவைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் கான்ட்ராக்டிலும் பிறகு பெர்மனென்டாகவும் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடலூர் போகிற சாலையில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் அம்மாவோடு சேர்ந்து வாழ்ந்தது நான்கே வருஷம்.

“உங்கப்பா வெளிய தலையே காட்டறதில்ல கலா. ஒருவேள ஆக்கி ரெண்டுவேள துன்றாரு” என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார்.

என்னோடு வந்து இருக்கட்டும் என்று விசா விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். போனில் அப்பா, கணினியில் நான். பிறந்த ஊர், வேலை பார்த்த இடம் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவியின் பெயர் கேட்டது, சொன்னார். ‘உங்களுடன் பயணம் செய்கிறாரா?’ என்று அடுத்த கேள்வி. நான் அதை அவரிடம் படித்திருக்கவே கூடாது. வேகத்தில் படித்துவிட்டேன்.

“வுடும்மா. நான் எங்கயும் வரல” என்றார்.

3

படையல் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய மறுநாள், இனியா தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“தாத்தா, கடல் போலாம். ஹோம்வொர்க்.”

அப்பா என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் எதுக்கு? கடல்ல எனக்கு என்னா வேல?”

“தாத்தா வரலன்னா நான் போகல.” இதை அவள் தமிழில் சொல்ல இரண்டு முறை முயற்சி செய்தாள். முதல் முறை ‘தாத்தா வரலன்னா நான் வரல’ என்று வந்துவிட்டது, அதைத் திருத்தினாள். அப்பா அந்தத் திருத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பரங்கிப்பேட்டைக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே சவுக்குத் தோப்பு ஓரமாக மூன்று அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதி இருப்பதாக விசாரித்துவைத்திருந்தேன். வாடகைக் கார் குறிஞ்சிப்பாடி, புவனகிரி வழியாகப் போனது.

விடுதியில் இருந்தவர் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். எனக்கும் அப்பாவுக்கும் ஒரு நோட்டில் கையெழுத்து. இனியாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் இன்னொரு தாளை எடுத்தார்.

“பாப்பா பாரினருங்க. அதுக்கு வேற பாரம்.”

“யாரு பாரினரு?” என்றார் அப்பா. காரில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. “எம் பேத்திங்க அது. கம்மாபுரத்துக்காரன் பேத்தி.”

“தெரியுதுங்க. ரூல்ஸு அப்பிடி. நாங்க எழுதிதாங்க ஆவணும்.”

அவர் மேல் தப்பில்லை. நான் பாரத்தை நிரப்பினேன். எந்த நாட்டிலிருந்து வருகிறார், எப்போது திரும்புவார். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசிக் கட்டம் வரை படித்தார். நம் ஊரில் என் பிள்ளை விருந்தாளி என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருக்கிறது. அறைக்குப் போகும்போது இனியாவின் பையை யாரையும் தூக்க விடவில்லை.

4

இனி, மோரக்குக்கும் உங்களுக்கும் பதில் சொல்கிறேன். எங்கே சாப்பிடலாம்?

குப்பத்துக்குள் நுழைகிற இடத்தில், கீற்றுக் கொட்டகை போட்டு அஞ்சலையக்கா கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. நான்கு பெஞ்சு. காலையில் இட்லியும் முதல்நாள் மீன் குழம்பும். அந்தக் குழம்பு ஒரு ராத்திரி ஊறியதால் புளியும் காரமும் ஒன்றோடொன்று சமாதானமாகிப் போயிருக்கும். மதியத்தில் சோறு, அன்றைக்கு வலையில் வந்த மீன். கிழங்கான் வறுவல், நண்டு மசாலா, நெத்திலித் தொக்கு. என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. “குந்துங்க, வருது” என்பார். வரும்.

முதல் நாள் மதியம் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அம்மா போனதிலிருந்து அப்பா மீன், கறி தொடவில்லை. வருஷம் முடிகிற வரைக்கும் என்று சொல்லியிருந்தார். இப்போது முடிந்துவிட்டது. ஆனாலும், “எனக்கு மோர் ஊத்துங்கம்மா, போதும்” என்றார்.

அஞ்சலையக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மோரும் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயும் வைத்துவிட்டுப் போனார். அப்பா பாதிச் சோற்றிலேயே இலையை மூடிவிட்டார்.

இனியாவுக்கு நண்டு உடைக்கத் தெரியவில்லை. அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நண்டுக் காலைப் பல்லால் கடித்துச் சதையை உறிஞ்சிக் காட்டினார். “நல்லா இருக்குதா கண்ணு?”

“ஐ” என்றாள் இனியா.

“பாரு, ஐன்னுது!” என்று அக்கா கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். “இந்தக் காலத்துப் புள்ளைங்க எதுக்குமா ஐன்னுதுங்க?”

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். அவரும் இத்தனை நாளாக அப்படித்தான் நினைத்திருக்கிறார். காப்பி வேணுமா என்றால் ஐ. பூ வெச்சிக்கிறியா என்றால் ஐ. தன் வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் பார்த்துப் பேத்தி ஆனந்தப்படுகிறாள் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன்.

என்ன செய்யலாம்? பிச்சாவரத்துக்குப் போய்ச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகலாம். அன்று பிற்பகல் போனோம். மரங்கள் கால்களைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்கும். வழி குறுகக் குறுக, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். படகுக்காரர் நண்டுப் பொந்துகளையும் நாரைகளையும் காட்டினார். இனியா நோட்டில் வரைந்தாள். அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“எவ்ளோ ஆழங்க?”

“இங்க இடுப்பளவுதாங்க பெரியவரே.”

“நாங்க எம்மாந் தண்ணிய எறைச்சிக் கொட்டியிருக்கோம் தெரியுமா? மைன்ஸ்ல தோண்டத் தோண்டக் கீழருந்து தண்ணி வந்துகினே இருக்கும். பம்ப்ப நிறுத்தினா முடிஞ்சிது.” சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அதிகம் பேசிவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

5

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எனக்கு முழிப்பு வந்தது. இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. போன் தலையணை மேல்.

குளியலறையில் இல்லை. வாசலில் இல்லை. தோப்பு வழியாகக் கரைக்கு ஓடினேன். மணலில் ஒருவருமில்லை. கடல் மட்டும்தான்.

நர்ஸாக இருப்பவளுக்குத் துக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பட்டியலே தெரியும். சாப்பாடு குறைவது, பேச்சு குறைவது, ஆட்களிடமிருந்து ஒதுங்குவது. ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. மடித்து வைத்த போர்வைதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. நான்தானே அவரை இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன் என்று நினைத்துக்கொண்டே செருப்பில்லாமல் ஓடினேன். “அப்பா, அப்பா” என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

குப்பத்துப் பக்கம் ஆட்கள் கூடியிருந்தது தெரிந்தது. கும்பலை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அஞ்சலையக்காவின் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. ஐஸ் கட்டியை உடைத்துத் தூளாக்கும் மெஷின் அங்கேதான். அதன் முன்னால் மண்டிபோட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு அப்பா.

மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்துக் கவளை மீன் கூடைகூடையாக வந்திருந்தது. வெயில் ஏறினால் அத்தனையும் வீண். கடலூரில் பெல்ட் விற்கிற கடை திறக்கப் பத்து மணியாகும். இரண்டு பேர் கட்டையால் ஐஸை இடித்துக்கொண்டிருந்தார்கள், அது எந்த மூலைக்கு? டீ குடிக்கலாம் என்று வந்த அப்பாவுக்கு மெஷினைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டதாம்.

“யாருங்க நீங்க?” என்று மெஷின்காரர் கேட்டிருக்கிறார். அவர் அஞ்சலையக்காவின் தம்பி.

“மைன்ஸ்ல பெல்ட்டு பிட்டரு. இதவுட நூறு பங்கு அகலமான பெல்ட்டெல்லாம் ஒட்டியிருக்கறன். வுடுங்க, பாக்கலாம்.”

நான் மூச்சு வாங்க எதிரே போய் நின்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“என்னாம்மா செருப்பு கூட இல்லாம? ஓரமா நில்லு, வெளிச்சத்த மறைக்காத.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஓரமாக நின்றேன்.

கிழிந்த முனைகளை நேராக வெட்டினார். இரண்டு தகட்டுத் துண்டில் ஓட்டை போட்டு, பெல்ட்டை நடுவில் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார். வெட்டியதில் பெல்ட்டின் நீளம் குறைந்துவிட்டது. மோட்டாரை இரண்டு விரற்கடை முன்னே தள்ளி வைக்க வேண்டும் என்றார். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, கலைந்த தலையோடு இனியா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா திரும்பாமலே கையை நீட்டினார். “செவன்டீன்.”

இனியா ஸ்பேனர் குவியலில் பதினேழாம் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

“நைன்டீன். அத்தோட வாஷரு.”

கொடுத்தாள்.

“டைட்டா புடி. லூசு வுட்றாத.”

“ஐ, தாத்தா.”

அப்பாவின் தமிழில் பாதி சுரங்கத்து ஆங்கிலம் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். ஒரு வாரமாக இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்துக் களைத்துப்போனவள் நான். அங்கே அரை மணி நேரம் அவர்களுக்கு நான் தேவைப்படவே இல்லை.

சுவிட்சைப் போட்டார்கள். பெல்ட் ஒருமுறை வழுக்கியது. அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, மோட்டாரை ஒரு நூல் பின்னுக்கு இழுத்து முடுக்கினார். மறுபடி போட்டார்கள். பிடித்துக்கொண்டது. ஐஸ் தூள் வெள்ளையாகக் கொட்ட ஆரம்பித்ததும் பெண்கள் கூடைகளோடு முண்டியடித்தார்கள். அப்பாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது. அவர் ஓரமாக நின்று, கையைத் துணியில் துடைத்தபடி, பெல்ட் ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

6

அஞ்சலையக்கா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த முறை, அப்பா மோர் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. நான்கு இட்லி வைத்து, மேலே குழம்பு ஊற்றி, இரண்டு துண்டு மீனையும் போட்டார்.

“வேல செஞ்ச வயிறு. துன்னுங்க பெரியவரே.”

அப்பா இலையைப் பார்த்தார். “அவ வெக்கிற கொழம்புல வெந்தயம் ஜாஸ்தியா இருக்கும்” என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

“எங்க ஊட்டுக்காரரும் போயி ஆறு வருசம் ஆவுதுங்க” என்றார் அக்கா. “அவரு பங்குக்கும் சேத்து நான் துன்னுகினு இருக்கறன். பாருங்க எப்பிடி இருக்கறன்னு.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முதல் விள்ளலை வாயில் போட்டார். நான்கு இட்லி போய் ஆறானது. மீனை முள் தனியாக எடுத்து இனியாவின் இலையிலும் வைத்தார். நான் என் இலையையே பார்த்துச் சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

என்ன செய்யலாம் என்பதற்கு மீதியையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கரைக்குப் போய் ஏலம் பார்க்கலாம். விலை காற்று மாதிரி மாறும், நமக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் பார்க்கலாம். மதியம் சவுக்குத் தோப்பில் பாய் விரித்துத் தூங்கலாம். சாயங்காலம் கடலில் இறங்கலாம். ஆனால் முழங்காலுக்கு மேல் வேண்டாம், இழுப்பு அதிகம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் என்னையும் ஒரு கையில் இனியாவையும் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வரும்போதெல்லாம் பிடி இறுகியது. அவர்தான் எங்களைப் பிடித்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

திரும்புகிற வழியில், புவனகிரியில் காரை நிறுத்தச் சொல்லி, மிதிபாகல் ஒரு பை வாங்கினார். ஒருவேளைக்கு மட்டும் ஆக்கிக்கொண்டிருந்த மனிதர் ஒரு பை நிறையப் பாகற்காயை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இனியாவின் மடிப்புத்தாளில் ‘எங்கே சாப்பிடலாம்’ என்ற பகுதியில் ஒரே ஒரு கடைதான் இருந்தது. ‘என்ன செய்யலாம்’ பகுதியில் படகுக்கும் குளியலுக்கும் மேலே, முதல் வரியாக, ‘ஐஸ் மெஷினைப் பழுது பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தாள். எல்லா விருந்தாளிகளாலும் அது முடியுமா என்று ஆசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார். நான் அதை மோரக்குக்குப் படித்துக் காட்டினேன். ஆசிரியையின் கேள்விக்கு மோரக் ஒரு கெட்ட வார்த்தையைப் பதிலாகச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

7

ஸ்காட்லாந்துக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. விசா விண்ணப்பம் இன்னும் கணினியில் பாதியில் நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, அதைத் தொடரலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“எங்கப்பா இருக்க?”

“குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டுல. நம்ம பி ஷிப்ட் ஆளுங்க ரெண்டு பேரக் கூட்டிகினு கடலுக்குப் போறன். அவனுங்க இதுவரைக்கும் பாத்ததே இல்லியாம். முப்பது வருசமா இங்கதான் கெடக்கறானுங்க, கேளு கதைய.”

“எங்க தங்கறீங்க? எங்க சாப்பிடுவீங்க?”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்மா, நீ சொல்லணுமா?” என்றார். “சரி, என்னா விஷயம்?”

ஒன்றுமில்லை என்றேன். பிறகு மனசு கேட்காமல், “நீ இங்க எப்பப்பா வருவ?” என்றேன்.

“வரேன் வரேன். பாப்பா பள்ளிக்கூடம் லீவு வுடட்டும், ஒரு மாசம் வந்து இருந்துட்டு வரேன். பாரத்துல என்னா கேட்டாலும் உள்ளத எழுதிடு. இல்லன்னா இல்லன்னு எழுது, பரவால்ல.” இரைச்சலுக்கு நடுவில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “இரு, பஸ்ஸு வந்துடிச்சி. ஜன்னலோர சீட்டு போய்டும். வெச்சிடறன்” என்று வைத்துவிட்டார்.

நான் கணினியைத் திறந்து, ‘உங்களுடன் பயணம் செய்கிறாரா?’ என்று நின்றுபோன கேள்வியில் ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டேன். அடுத்த பக்கம் வந்தது.